இருபத்தைந்து சென்ட்

புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்ட அம்மாள், எதிரே தொங்கிய எழுத்து அட்டையைப் பார்க்கவே இல்லை. தன் மூக்குக்கு நேரே கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்த விரலைத்தான் பார்த்தாள்.

"நல்ல வைரமா இருக்கே. எத்தனை கேரட்?"

கண்ணாடிக் கடை விற்பனைப் பெண்ணுக்கு இது புதுத் தொல்லை. கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. மோதிரம் கணவன் போட்டது. அவளுக்கோ நாள் முழுக்க அடுத்தவர் மூக்கில் கண்ணாடி மாட்டுகிற வேலை. வந்தவர்களுக்குப் பார்வை தெளிந்ததும் முதலில் கண்ணில் படுவது அந்த மோதிரம்தான்.

கேரட் என்றதும் அவளுக்குத் தங்கம்தான் ஞாபகம் வந்தது. இருபத்திரண்டு என்று அடக்கமாகச் சொல்லிவைத்தாள்.

அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தாள். கல்லாவில் இருந்த முதலாளி எழுந்து வந்து தெருக்கதவைச் சாத்தினார். இருபத்திரண்டு கேரட் வைரத்தோடு ஒரு பெண் தன்னிடம் வேலைக்கு நிற்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. இனி முன்னால் நிற்கவேண்டாம் என்று அவளைப் பின்னால் லென்ஸ் தேய்க்கும் அறைக்கு அனுப்பிவிட்டார். நாலு பேரிடம் பேசுவதுதான் அந்த வேலையில் அவளுக்குப் பிடித்த ஒரே விஷயம். அதுவும் போயிற்று.

அங்கிருந்தபடியே கணவனுக்குப் போன் செய்தாள். அவன் பொறுமையாக விளக்கினான். தங்கத்துக்கு கேரட் என்றால் சுத்தம், வைரத்துக்கு எடை. ஒரு கிராமை ஐந்தாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் ஒரு கேரட். நம்முடையது கால் கேரட்.

"கால்னு சொன்னா கேக்கவே நல்லா இல்லையே."

"அப்ப இருபத்தஞ்சு சென்ட்னு சொல்லு. கேரட்டை நூறாப் பிரிச்சா சென்ட். ரெண்டும் ஒண்ணுதான்."

இருபத்தைந்து என்பது அவளுக்குப் பிடித்துப்போயிற்று. முதலாளியிடம் போய், தான் தெரியாமல் சொல்லிவிட்டதாகவும், கல்யாணத்துக்கு வீட்டுக்காரர் கொடுத்தது இருபத்தைந்து சென்ட்தான் என்றும் திருத்திச் சொன்னாள்.

முதலாளி கதவைத் திறந்துவிட்டு அவளை மறுபடி முன்னால் நிறுத்தினார். கையோடு பக்கத்துத் தையல்காரரிடம் போய், இந்தப் பெண்ணின் கணவன் இருபத்தைந்து சென்ட் நிலத்தை அவள் பேரில் எழுதிவைத்திருக்கிறானாம், ஆள் என்றால் அப்படி இருக்கவேண்டும் என்று மெச்சிக்கொண்டார். அந்தத் தையல்காரர்தான் அவள் மாமியாருக்கும் துணி தைப்பவர்.

சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழையும்போதே மாமியார் முகம் சரியில்லை. மகன் நிலம் வாங்கியதையும் அதைப் பெண்டாட்டி பேரில் எழுதியதையும் தையல்காரர் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. ஒரு மூலையில் உட்கார்ந்து, மடித்த துணியையே எடுத்து மறுபடி மடித்தாள்.

மருமகளுக்கு இந்த வீட்டில் எந்த டப்பாவில் எது இருக்கிறது என்றுகூட இன்னும் பிடிபடவில்லை. அதற்குள் குடும்பத்தைப் பிரிக்க வந்தவள் என்ற பெயரா?

கணவன் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சமாதானம் சொன்னான்.

"நல்ல நிலமாவது ஒண்ணாவது. அது வெறும் கல்லும்மா."

மாமியார் விருட்டென்று உள்ளே போய், வேறு ஊரில் இருக்கும் மூத்த மகனுக்குப் போன் போட்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவள் பேசியது கூடம் வரை கேட்டது.

"அந்த இருபத்தஞ்சு சென்ட் விஷயம் எனக்குத் தெரிஞ்சுபோச்சுடா. கல்லாங்காடாவே இருக்கட்டும், பெத்தவகிட்ட மறைக்கலாமா? நீ உடனே புறப்பட்டு வா."

சொல்லிவிட்டு அவன் பதிலுக்குக் காத்திராமல் வைத்தவள், யாரையும் விளக்கவிடாமல் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டாள்.

மறுநாள் காலை மூத்தவனும் அவன் மனைவியும் வந்து இறங்கினார்கள். அவன் யார் முகத்தையும் பார்க்காமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டான். எதுவானாலும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம், நாலு பேருக்குத் தெரியவேண்டாம் என்று மெல்ல ஆரம்பித்தான்.

இனி வேறு யாரையும் பேசவிட்டால் வம்பு என்று சின்ன மருமகளுக்குப் பட்டது. மோதிரத்தைக் கழற்றி மாமியாரின் உள்ளங்கையில் வைத்தாள்.

"அத்தை, நான் சொன்னது இந்தக் கல்லோட எடையை. கால் கேரட். ரெண்டு அரிசி எடை இருக்கும், அவ்வளவுதான். பெருமைக்கு இருபத்தஞ்சு சென்ட்னு சொல்லிட்டேன்."

மாமியார் ஜன்னல் பக்கம் போய்க் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரெண்டு அரிசிக்காகவா நேற்றுச் சோறு இறங்காமல் படுத்தேன் என்று மருமகளின் விரலைப் பிடித்துத் தானே மோதிரத்தைப் போட்டுவிட்டாள். சின்னவனும் சிரித்தான். மூத்தவன்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தான். தண்ணீர் வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டு மறுபடியும் சிரித்தான்.

அவன் மனைவிக்கும் அப்போதுதான் போன உயிர் திரும்பிவந்தது. மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நெஞ்சில் கைவைத்துக்கொண்டு சொன்னாள்:

"நல்லவேளை அத்தை, மாமா விட்டுட்டுப்போன இருபத்தஞ்சு சென்ட்டை இவர் தன் பேருக்கு மாத்திக்கிட்டது தெரிஞ்சுபோச்சோன்னு நாங்க பயந்தே போயிட்டோம்."