உட் யூ மைண்ட்

"சார், கேட்டுல ஒருத்தரு..." என்று அறை வாசலில் வந்து நின்றார் வாட்ச்மேன் அம்மாசி.

"இங்கிலீஷ்!" என்றார் தோமினிக்.

அம்மாசி நிமிர்ந்து நின்றார். "உட் யூ மைண்ட்... கேட்டு..."

"வெர்ப் எங்கே? 'இங்' எங்கே?"

"உட் யூ மைண்ட் கேட்டிங்?"

"போய் யோசிச்சு, முழு வாக்கியமா வாங்க."

நாமக்கல்லை ஒட்டிய அந்த உறைவிடப் பள்ளியில் தோமினிக் ஆங்கிலத் துறைத் தலைவர். கதவில் அப்படித்தான் அவரே எழுதி ஒட்டியிருந்தார். இன்று சென்னையிலிருந்து இன்ஸ்பெக்டர் வருகிறார். தாளாளர் கைலாசம் நேற்றே எச்சரித்துவிட்டார்: "சமையக்கட்டுல கூட இங்கிலீசு மணக்கோணுங்க வாத்தியாரே. இல்லீன்னா நான் வேற ஆளப் பாத்துக்கறேன்." கைலாசத்துக்குக் கோழிப் பண்ணையும் உண்டு. முட்டையிடாத கோழியை அவர் என்ன செய்வார் என்பது தோமினிக்குக்குத் தெரியும்.

ஆகவே சமையற்கட்டிலிருந்து கேட் வரை எல்லாருக்கும் ஒரே வாக்கிய அச்சு: முன்னால் 'உட் யூ மைண்ட்', பின்னால் ஒரு 'இங்'. நம்மூரில் ஒரு 'ங்க' போட்டு முடிக்கிற மரியாதைக்கு இங்கிலீஷ்காரனுக்கு இவ்வளவு செலவு.

ஜன்னலுக்கு வெளியே சாம்பல் நிறச் சட்டை, தோல் பை, புத்தம்புது ஷூ. இன்ஸ்பெக்டரேதான் என்று முடிவு கட்டினார் தோமினிக். ஓடிப்போய் வணங்கி, வந்தவரைச் சாப்பாட்டுக் கூடத்தில் விட்டுவிட்டு மாலை எடுக்கப் பறந்தார்.

"உட் யூ மைண்ட் சிட்டிங்?" என்றார் டிரைவர் தனசேகர், நாற்காலியைத் தூக்கி வந்து.

"நோ, நோ," என்று மலர்ந்தார் வந்தவர்.

தனசேகர் நாற்காலியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனார்.

"உட் யூ மைண்ட் ஈட்டிங்?" சமையல்கார ஜோதியின் கையில் முட்டை தோசை.

"நாட் அட் ஆல்! நோ!"

தோசை உள்ளே போனது.

மாலையோடு வந்த தோமினிக், கூடத்தின் நடுவில் பசியோடு நின்றவரைப் பார்த்து ஆடிப்போனார். "அடிப்பாவி! என்னக்கா இது?" பதற்றத்தில் அவருக்கே தமிழ் வந்துவிட்டது.

"வேண்டாங்கறாருங்க."

"நோன்னா ஆட்சேபனை இல்லைன்னு அர்த்தம். சரிங்கறார்!"

"சரின்னா எஸ்ஸுன்னு நீங்கதானுங்க சொல்லிக் குடுத்தீங்க?"

"இன்னைக்கு நோன்னா சரி. அவ்வளவுதான்!"

அதன் பிறகு சமையற்கட்டு சும்மா இருக்கவில்லை. வந்தவர் உட்கார வைக்கப்பட்டார். ஏழாவது தோசைக்கு அவர் "நோ" என்றார், எட்டாவது விழுந்தது. இரண்டு கையாலும் தட்டை மறைத்து "நோ! நோ! நோ!" என்றார், மூன்று விழுந்தன.

அம்மாசி வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். "சார்! உட் யூ மைண்ட் லிசனிங்?"

"சபாஷ்! இதுதான் இங்கிலீஷ்!" என்று அவர் முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டுத் தோமினிக் சட்னியைக் கவனிக்கப் போனார்.

கைலாசம் உள்ளே வந்தார். தட்டையும் அதன் பின்னால் மூச்சு வாங்கியவரையும் பார்த்தார். தோமினிக் சட்னிக் கிண்ணத்தோடு ஓடிவந்தார்.

"ஏனுங்க வாத்தியாரே, இவரு இங்கிலீசு எப்படீங்க?"

"சார், இவர் முன்னால நானெல்லாம் எல்கேஜி!"

"நெசமாலுமா?"

"இவர் காலடியில உக்காந்து படிக்கணும் சார்!"

"நீங்களே சொன்னதுக்கப்புறம் வேறென்னுங்க? முடிச்சரலாம்." கைலாசம் வந்தவரின் எண்ணெய்க் கையைப் பிடித்துக் குலுக்கி, தம் அறைக்கு அழைத்துப் போனார்.

தோமினிக் நாற்காலியில் சரிந்து கண்ணை மூடினார். பிழைத்தது வேலை. இனி தமிழானால் என்ன, தெலுங்கானால் என்ன. "சொல்லுங்க அம்மாசி, காலையிலிருந்து என்னமோ சொல்ல வந்தீங்களே?"

"இன்ஸ்பெக்டரு அடுத்த மாசந்தான் வாராராமுங்க. இவரு உங்க வேலைக்கு இன்டர்வியூ வந்தவருங்க சார், அதுக்குத்தான் எனக்கு வெர்ப்பே கெடைக்கல."