தொலைநோக்கியை எங்கே மாட்டுவது?

நன்றாக இருக்கிற பொருளை இன்னும் நன்றாக ஆக்குகிறவர் என்று உலகத்தில் ஓர் இனம் உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் காட்டுப்பக்கம் இவர்களைப் பார்க்க வேண்டுமானால் மான் வேட்டைக்கு முந்தைய மாதம் வாருங்கள். மடியில் பழைய துப்பாக்கி, வாயில் திருகாணி, கண்ணில் கனவு.

எல்வுட் அந்த இனத்தில் சுத்த ரத்தம். ஏதோ ஒரு யுத்தத்தில் ஏதோ ஒரு பட்டாளம் போட்டுவிட்டு ஓடிய துப்பாக்கி அவருடையது. குறி பார்க்க அதன் குழல்மேல் இருக்கும் இரும்புக் குறியை வைத்தே வருஷம் ஒரு மான் அடித்துவந்தவர், இரண்டு வருஷமாக மரங்களைத்தான் அடிக்கிறார். இந்த முறையும் முதல் நாள் வெறுங்கையோடு வந்தால் ஓடைக்கரை வேட்டைமேடையைத் தனக்கு விட்டுவிட வேண்டும் என்று மனைவியின் அண்ணன் ராஸ்கோ ஊரறியச் சொல்லிவிட்டார். காட்டிலேயே அதைவிட நல்ல இடம் கிடையாது.

மனைவி நடீன் எளிய வழி சொன்னாள். “பேசாம கண்ணாடி போட்டுக்கயேன்யா.”

“கண்ணாடி போட்டா கெழவன்னுவானுங்க.”

ஆகவே தொலைநோக்கி வந்தது. எங்கே மாட்டுவது? மேலே துளை போடலாம். ஆனால் பழம்பொருளில் துளை போடுவது பாவம் என்றார்கள் காப்பிக்கடையில் பாதிப்பேர். போடாவிட்டால் மடமை என்றார்கள் மீதிப்பேர். துளை போட்டாலும் தோட்டா ஏற்றும் தாழ்ப்பாள் கைப்பிடி தொலைநோக்கியில் போய் இடிக்கும், அதை அறுத்து வளைத்து ஒட்டவேண்டும் என்று நடுவில் ஒருவர் குண்டு போட்டார். பக்கவாட்டில் கவ்வி வைத்துப் பார்த்தார் எல்வுட். தொலைநோக்கி இடப்பக்கம் பிதுங்கி நின்றது. அதில் பார்க்க இன்னொரு தாடை வேண்டும். கடைசியில் குழல்மேல் முன்னால் தள்ளியிருந்த பின்குறியைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த இடத்திலேயே மாட்டினார். அழகாகத்தான் இருந்தது.

முதல் நாள் விடிந்ததும் மான் வந்தது. கொழுத்த ஆண் மான். எல்வுட் குறி பார்த்தார். கண்ணருகே இருந்தால் மட்டுமே காட்டுகிற ரகம் அந்தத் தொலைநோக்கி. அத்தனை தூரத்தில் காடு முழுவதும் ஒரு மிளகாகத் தெரிந்தது. கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார். மான் தெரிந்தது, இமை மயிர் உட்பட. ஆனால் விசைக்குக் கை எட்டவில்லை. கை எட்டினால் கண் எட்டவில்லை. மான் பொறுமையாக மென்றுகொண்டிருந்தது. துப்பாக்கியை அக்குளில் இடுக்கி, கட்டைவிரலால் விசையைத் தள்ளினார்.

குண்டு ஓடைச் சேற்றுக்குப் போயிற்று. தொலைநோக்கி புருவத்துக்கு வந்தது. மான் வீட்டுக்குப் போயிற்று.

மத்தியானம் நடீன் புருவத்தில் பனிக்கட்டி வைத்து அழுத்தியபடி, சிரிப்பை அடக்கத் தோற்றுக்கொண்டிருந்தாள். எல்வுட்டுக்குப் புருவத்தைவிட மேடைதான் வலித்தது. இருந்தும் சொன்ன சொல் தவறாமல், சாயங்காலம் ராஸ்கோவை அழைத்துப் போய் அதை ஒப்படைத்தார். ராஸ்கோ ஏறினார், உட்கார்ந்தார், நாலு பக்கமும் பார்த்தார்.

“மேடை அருமைதான் மச்சான். ஆனா இன்னும் ரெண்டடி ஒசத்தி, மேல ஒரு கூரையும் போட்டுட்டா...”

எல்வுட் சட்டைப்பையிலிருந்து திருப்புளியை எடுத்து நீட்டினார்.

உங்களுக்குத் துப்பாக்கியும் இல்லை, மேடையும் இல்லை. நிம்மதி. அது சரி, நேற்றுவரை ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி ஏன் உங்கள் கூடத்தில் தரையில் கிடக்கிறது?