நூற்றெட்டு முறை தொட்டால் முதலிடம்

பினாங்கு லெபோ பாசார் மண்டபத்தில் அன்று எள் போட்டால் எள் விழாத கூட்டம். நாற்பது கல்யாணச் சமையல்காரர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். ஆயிரம் பேருக்கு அசராமல் சோறு போடுகிறவர்கள்தான். கைபேசி என்றதும் கைகட்டி நின்றார்கள். மேடையில் 'லிங்க் சித்தர்' புவனேஸ்வரன். போன வருஷம்வரை தண்ணீர்மலைக் கோயில் அடிவாரத்தில் கைரேகை பார்த்தவர். ரேகைத் தொழில் படுத்ததும் இணையத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டார்.

"கூகுள்ல முதல் இடம் வேணுமா? எழுதுறத நிறுத்துங்க! எவன் படிக்கிறான்? ஐயாயிரம் வெப்சைட்டு உங்க கடையக் கைகாட்டணும். அதான் லிங்க். ஒரு லிங்க் ஒரே ஒரு ரிங்கிட், ஒத்த வெள்ளி லா!"

மண்டபம் அதிரக் கைதட்டல். சமையல்காரர்களில் ஒருவரான தனலெட்சுமியும் தட்டினார், கொஞ்சம் மெதுவாக.

இரண்டு மாதம் முன்பு, அங்கிருந்த எல்லாரையும் போல, அவரும் சித்தரிடம் ஐயாயிரம் லிங்க் வாங்கியவர்தான். ஐநூறு பேருக்கு எத்தனை கிலோ அரிசி, பந்தலில் மழை வந்தால் என்ன செய்வது, எந்தக் கறி மத்தியானத்துக்குள் கெடும் என்று மூன்று வருஷமாகத் தன் இணையப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். "பாரம், அழிங்க" என்றார் சித்தர். அழித்தார். தினமும் குளித்துக் கிழக்கே பார்த்து, 'பினாங்கு கல்யாணச் சமையல்' என்று தேடி, வரும் பட்டியலில் அவர் கடையை நூற்றெட்டு முறை தொடச் சொன்னார் சித்தர். தொட்டார். சொல்லி வைத்தாற்போல் அவர் போனில் அவர் கடை முதலிடம்!

ஆர்டர்தான் வரவில்லை. தை மாதத்துக்கு ஒரு கல்யாணம்கூடப் பதிவாகவில்லை. இப்படியே போனால் அடுப்படியில் வேலை செய்யும் நாலு பெண்களையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். "பக்தி பத்தல, இன்னும் ஐயாயிரம் போடுங்க" என்றிருந்தார் சித்தர்.

பக்கத்து நாற்காலியில் பிரியாணிக்காரர் சபூரா.

"ஆர்டர் இல்லாட்டி என்ன தனம், நாந்தானே முதல் இடம்!"

"நீங்களா? நான்ல முதல் இடம், சபூராக்கா?"

இரண்டு போனையும் பக்கத்தில் வைத்து ஒரே வார்த்தையைத் தேடினார்கள். அவரவர் போனில் அவரவர் கடை. தனலெட்சுமி எழுந்து நின்றார்.

"எல்லாரும் இப்பவே தேடுங்க. முதல் இடத்துல வந்தவங்க கையத் தூக்குங்க."

நாற்பது கைகள் எழுந்தன.

"அதான் மகிமை! எல்லாரையும் முதல்ல வச்சிருக்கேன்!" என்றார் சித்தர். அதற்கும் இரண்டு பேர் கைதட்டினார்கள். நம் ஜனங்கள் லேசுப்பட்டவர்களா?

"தெனம் நூத்தெட்டுத் தடவ போற எடத்த போனு ஞாபகம் வச்சிக்காதா? தொடாத போன்ல பாப்போம்ணே" என்றார் தனலெட்சுமி. மண்டப அலுவலகத்தில் வேலை செய்யும் நோர்மாவைக் கூப்பிட்டார்கள். அவர் போனில் தேடினால், நாற்பது கடையில் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. முதலில் வந்தது அக்கரையில் பட்டர்வொர்த்தில் இருக்கும் யாரோ ஒரு சமையல்காரர்.

"என் மக கல்யாணத்துக்கு இவங்களத்தான் புக் பண்ணேன். எல்லாம் வெவரமா எழுதியிருக்காங்க" என்றார் நோர்மா. "முந்தி இன்னொரு பக்கம் இதவிட நல்லா இருந்துச்சுக்கா. மழ வந்தா என்ன செய்யணும்னுகூடப் போட்டிருந்தாங்க. கூப்பிடலாம்னு போன மாசம் தேடுனேன், காணோம்."

அது தனலெட்சுமி தன் கையாலேயே அழித்த பக்கம். அதோடு போனது ஒரு கல்யாணம். தெரியாமல் போனது எத்தனையோ!

இதற்குள் சபூரா, தன்னைக் கைகாட்டும் ஐயாயிரத்தில் சிலதைத் திறந்து பார்த்துவிட்டார். ஒன்று குதிரைப் பந்தயம். இன்னொன்று வழுக்கைக்கு எண்ணெய்.

"வழுக்கத் தலைக்காரனா என் பிரியாணிக்கு சிபாரிசு? சாப்பிட்டவன் சொன்னாத்தான்யா லிங்க்! காசு வாங்கிட்டு எவன் கைகாட்டுனா என்ன?"

பதில் சொல்ல வேண்டியவர் பக்கக் கதவு வழியாகப் போய்க்கொண்டிருந்தார். நாலைந்து பேர் துரத்தினார்கள். தனலெட்சுமி துரத்தவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே, ஐநூறு பேருக்கு அரிசி எத்தனை கிலோ என்று திரும்பத் தட்ட ஆரம்பித்தார்.

பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் தயங்கித் தயங்கி வந்தார்.

"ஏம்மா, நாளைக்கும் அந்த நூத்தெட்டத் தொட்டு வைக்கலாம்ல? ஒண்ணும் கெட்டுப்போயிடாதே?"

"தாராளமாத் தொடுங்கண்ணே. அதுக்கு முன்ன ஒரே ஒரு தடவ உங்க தலையத் தொட்டுப் பாருங்க, உள்ள ஏதாச்சும் ஓடுதான்னு."