பதினேழாவது காகிதம்

மனித குலம் கண்டுபிடித்தவற்றிலேயே உன்னதமானது ஓய்வு விசாதான். சும்மா இருப்பதற்கு ஓர் அரசாங்கமே முத்திரை குத்தி அனுமதி தருகிறதென்றால் சும்மாவா!

நாற்பத்தைந்து வருஷம் மைசூரில் கொத்து வேலை பார்த்தவன் நான். வெளிநாட்டில் இருக்கும் மகன் உதயகுமார், "நீங்களும் அம்மாவும் இங்க வந்து நிம்மதியா ரெஸ்ட் எடுங்கப்பா" என்று போனில் சொன்னபோது, இப்பேர்ப்பட்ட பிள்ளையைப் பெற்றதற்காக என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். என் சம்சாரம் பஞ்சவர்ணம் பேத்தியைச் செல்போனில் மட்டுமே பார்த்தவள். அன்றைக்கே சின்னப் பாவாடை ஒன்று வாங்கிவிட்டாள்.

மைசூர் அக்ரஹாரம் பகுதியில் பிரசாந்த் என்றொரு விசா 'ஆலோசகர்'. ஒன்பது காகிதம் போதும் என்றார். நான் ஏமாறுவேனா? தாலுகா ஆபீஸில் ஒரு காகிதம் குறைந்தால் 'நாளே பா' என்று நாளைக்கு வரச் சொல்லித் துரத்துவார்கள். கூடிப்போனதென்று எவனும் துரத்தியதில்லை. ரேஷன் கார்டு, கேஸ் புத்தகம் என்று பதினாறு கொடுத்தேன்.

"பேடா மேஸ்திரி, வேணாம். இவ்ளோ எதுக்கு?"

"திருப்பி அனுப்புனா நீயா அலையப்போற? வெய்யப்பா."

பதினேழாவது காகிதம் மருமகள் வைஷாலி அனுப்பியது. "இப்பவே பழகிக்குங்க மாமா" என்றிருந்தாள். இங்கிலீஷ், எனக்கு ஓடாது. மேலே எங்கள் பெயர், கீழே கட்டம் கட்டமாக ஏதோ. படித்தவர்கள் மரியாதையைக் கட்டம் போட்டுத்தான் காட்டுவார்கள் போலும். ஆலோசகர் அதைப் படிக்காமலே சேர்த்தார்.

ஒரு மாதத்தில் விசா மறுக்கப்பட்டது. மருமகள் அனுப்பிய காகிதத்தைப் பிரசாந்த் அப்போதுதான் படித்தார்.

"அத்தை: அஞ்சரைக்குப் பால், ஆறரைக்கு டிபன், பத்துக்குத் துணி. மாமா: எட்டுக்குக் குழந்தைய ஸ்கூல் பஸ் ஏத்தணும். முதல் மாசம், மாடி பாத்ரூமுக்கு டைல்ஸ் ஒட்டணும்."

"ஞாயித்துக்கெழம?"

"விருந்தாளிங்க வருவாங்களாம், மேஸ்திரி."

இதற்குப் பெயர் ஓய்வல்ல, வேலை. வேலை விசாவுக்கு மனுப் போடுங்கள் என்று விசா ஆபீஸில் எழுதியிருந்தார்களாம்.

மகன் போனில் குதித்தான். "அதையெல்லாம் யாருப்பா வெக்கச் சொன்னது?"

பஞ்சவர்ணம் போனைப் பிடுங்கினாள். "ஏஞ்சாமி, சுத்திப் பாக்கற விசா இருக்குதாமே? பதினஞ்சு நாளு. புள்ளையக் கண்ணுல பாத்துட்டு ஓடியாந்தர்றோம்."

"பதினஞ்சு நாள்ல என்னம்மா ஆகும்?"

நியாயம்தானே. டைல்ஸ் ஒட்டலாம். துணி யார் துவைப்பது?

மறுநாளே வேலை விசாவுக்குப் பாரம் வாங்கினேன். 'முதலாளி' என்ற இடத்தில் உதயகுமார் என்று எழுதச் சொன்னேன். பிரசாந்த் பேனாவை நிறுத்தினார்.

"மகன்னு எங்க எழுதறது, மேஸ்திரி?"

இரண்டு பக்கமும் புரட்டித் தேடினோம். அதற்குக் கட்டமே இல்லை. மருமகள் போட்ட கட்டங்களிலும்தான்.