ரெண்டு அடுப்புக்கு ரெண்டு வரி

அன்புக்கும் அடிக்கும் உரிய மச்சான் பச்சையப்பனுக்கு, பாகூர் பக்கத்திலிருந்து மாமா சின்னப்பிள்ளை எழுதிக்கொண்டது. இங்கு நான், மாடு, உன் அக்கா தையலம்மாள் மூவரும் சுகம். அபிஷேகப்பாக்கத்தில் நீயும் உன் நாற்றங்காலும் சுகமாயிருக்க அம்மன் பார்த்துக்கொள்வாள்.

நான் உன் அக்காவை எப்போடா தள்ளி வைத்தேன்? போனில் அந்தக் கத்து கத்தினாய், பதில் சொல்ல வாயைத் திறந்தால் கட் பண்ணிவிட்டாய். காகிதத்தைக் கட் பண்ண முடியாது, உட்கார்ந்து முழுசாகப் படி. உன் அக்கா என் எதிரில்தான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கிறாள். நான் அஞ்சாங்கிளாஸோடு நின்றவன், அவள் அதுவும் கிடையாது. ஆனாலும், "எழுத எழுதச் சத்தமா படிச்சிக் காட்டு. இல்லன்னா என் தம்பிகிட்ட இன்னா புளுகு எழுதுவியோ" என்று உத்தரவு. ஒவ்வொரு வரியும் அவள் காதில் விழுந்துதான் உனக்கு வருகிறது.

நிலத்தில் போர் போட நான் பேங்கில் வாங்கின கடன் கதை உனக்குத் தெரியும். வட்டியெல்லாம் சேர்ந்து ஒரு லட்சத்து இருபத்தாறாயிரத்தில் நின்றதை, மக்கள் நீதிமன்றத்தில் உட்கார வைத்துப் பேசி, எழுபத்திரண்டாயிரத்துக்கு முடித்தார்கள். மாசம் நாலாயிரம், பதினெட்டு தவணை. ஒரு தவணை தப்பினாலும் பேசினதெல்லாம் ரத்து, பழைய கடன் பூராவும் எழுந்து வந்துவிடும், வூட்டுப் பத்திரமும் திரும்பாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அன்றைக்கு அந்த ஜட்ஜ் ஐயா, "சொத்து என்ன இருக்கு பெரியவரே?" என்று கேட்டார். நான் சும்மா இருக்கலாம், ஆனால் என் வாய் இருக்கிறதே. "ஒரு மாடு, ஒரு பொண்டாட்டிங்க. ரெண்டையும் வாங்க ஆள் இல்ல" என்றேன். கோர்ட்டே சிரித்தது, ஐயாவும் சிரித்தார், பன்னிரண்டு தவணையாக இருந்ததைப் பதினெட்டாக்கினார். ஆக, அது கிண்டல் இல்லை, வக்கீல் வேலை.

பதினேழு தவணை ஒழுங்காகக் கட்டினேன், பால் காசிலேயே. போன மாசம் எதிர்வூட்டு வள்ளியம்மாள் (அவளும் அன்றைக்கு அவள் கேசுக்காக அங்கே வந்திருந்தாளாம்) உன் அக்காவிடம் என் கோர்ட்டுப் பேச்சைச் சொல்லிச் சிரித்திருக்கிறாள். உன் அக்கா சிரிக்கவில்லை. நேரே வந்து, "இன்னாய்யா, என்னைச் சொல்லித்தான் ஆறு தவணை சேத்து வாங்குனியா? அப்போ அதுல என் பங்கு எங்க?" என்றாள். நான் பதில் யோசிப்பதற்குள் ஒரு சட்டி, ஒரு அரிசி டப்பா, மூணு கல் எடுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய்த் தனியாக உலை வைத்துவிட்டாள். அடுப்பு மட்டும்தான் தனி மச்சான். ஒரே மாடு, ஒரே பால், ஒரே கூரை. நான் முன்பக்கம் காஸ் அடுப்பில் குக்கர் வைத்து, சோறா கஞ்சியா என்று தெரியாத ஒன்றை மூணு வாரம் தின்றேன். மாடுகூட எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

இப்படி இருக்கையில் திருவிழாக் கமிட்டிப் பொருளாளர் கலைவேந்தன் நோட்டோடு வந்தான். குடும்பத்துக்கு ஒன்று என்று போடும் தலைக்கட்டு வரி ரெண்டாயிரத்தி ஐந்நூறை நான் தையிலேயே கட்டிவிட்டேன். அதைச் சொன்னேன்.

"அது உங்க அடுப்புக்கு மாமா. இது அத்தை அடுப்புக்கு."

"இன்னாடா சொல்ற?"

"முன்னாடி குக்கர் விசில், பின்னாடி புகை. ரெண்டு அடுப்பு, ரெண்டு தலைக்கட்டு. ஊர்த் தீர்மானம்" என்று இன்னொரு ரெண்டாயிரத்தி ஐந்நூறுக்கு ரசீதை நீட்டினான்.

அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தது யார் என்று நீ கேட்க வேண்டாம். நான்தான். ஒரே வூட்டில் தனித்தனியாகச் சமைத்துக்கொண்டு ஒரே வரி கட்டின அண்ணன் தம்பி ரெண்டு பேரை மடக்க, மூணு வருசம் முன்னால் கோயில் வாசலில் எழுந்து நின்று, "வூட்டை எண்ணாதீங்க, அடுப்பை எண்ணுங்க" என்று முழங்கினேன். கை தட்டினார்கள்.

என்னிடம் இருந்தது கடைசித் தவணை நாலாயிரம் மட்டும். பத்தாம் தேதி கட்ட வேண்டும். பேங்குக்கு ஓடினேன். "பாப்பா, புதுசா ஒரு பில்லு வந்திருக்கு, இதையும் அந்தக் கோர்ட்டுக் கணக்குல சேத்துக்கோ" என்றேன். அங்கே இருந்த பொண்ணு ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அம்மன் இந்தக் கேஸ்லயே இல்லியே தாத்தா. தவணையைத் தொடாதீங்க, அந்தப் பக்கம் போய்ப் பேசுங்க" என்றது. கமிட்டிக்கு ஓடினேன். கோர்ட்டே பதினெட்டு தவணை கொடுத்தது, நீயும் கொடுடா என்றேன். "தேர் ஒருநாள்தான் ஓடும் மாமா. பதினெட்டு மாசமா இழுக்கறது?" என்றான். கட்டாதவர்கள் பெயரை மைக்கில் படிப்பார்களாம். ரசீது உன் அக்கா பெயரில்.

உன் அக்கா மைக் என்றதும் தவணைப் பணம் இருந்த டப்பாவைத் தூக்கிக்கொண்டாள். "பேங்கு காத்திருக்கும், ஆத்தா காத்திருக்க மாட்டா." நான் டப்பாவின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். அடியே, அது நாலாயிரம் இல்லடி, வூட்டுப் பத்திரம்டி என்றேன். அவள் இழுத்தாள், நானும் இழுத்தேன். கை வலித்தபோதுதான் எனக்கு மூளை வந்தது. அடுப்பு ஒன்றானால் வரியும் ஒன்றுதானே?

கலைவேந்தனிடம் சொன்னேன். நாளைக் காலை வந்து பார்ப்பானாம், ஒரே அடுப்பு எரிந்தால் ரசீதைக் கிழித்துவிடுவானாம். உன் அக்காவிடம் சமாதானம் பேசினேன். ஒரு மாசம் நான்தான் சாணி அள்ள வேண்டும், வள்ளியம்மாள் எதிரில் 'தப்புதான்' என்று சொல்ல வேண்டும் என்றாள். ரெண்டுக்கும் தலையாட்டினேன். இன்று மதியம் காஸ் அடுப்பில் அவள் கையால் நெத்திலிக் குழம்பு. மூணு வாரத்துக்கு அப்புறம் வயிறு என்று ஒன்று எனக்கு இருப்பதே தெரிந்தது. ஆக, நான் நினைத்தபடியே அவளைச் சமையல்கட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். தவணையும் பத்திரம், அம்மனுக்கும் பாக்கி இல்லை. உன் மாமனை என்னவென்று நினைத்தாய்?

ஒன்று மட்டும் உண்மையை எழுதிவிடுகிறேன். ஜட்ஜ் ஐயாவிடம் நான் சொன்னதில் ஒரு சின்னப் பொய் உண்டு. அதற்கு முன்னாலேயே மாட்டுக்கு ஆள் வந்தது. முப்பதாயிரத்துக்குக் கேட்டான்.

உன் பொண்டாட்டி பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். உன் நெல் கதிர் முற்ற, உன் கோபம் முற்றாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன்னிடம் திட்டு வாங்கியும் இளைக்காத மாமா,
சின்னப்பிள்ளை

பின்குறிப்பு: சமையல்கட்டுக்குத் திரும்பினாள் என்று எழுதினதை அடித்துவிடு. முப்பதாயிரம் என்று நான் படித்ததும் எழுந்துவிட்டாள். "அப்போ ஆள் இல்லாதது எனக்கு மட்டுந்தானா?" உன் அக்காவை எவன் கேட்டாலும் கொடுக்க மாட்டேன் என்றுதான் அடுத்த வரி எழுத இருந்தேன் மச்சான், சத்தியமாக. அவள் எங்கே நின்று கேட்டாள்? கீரையோடு கொட்டகைக்குப் போய்விட்டாள், புகை தெரிகிறது. விடிந்தால் கலைவேந்தன் வருவான். காஸ் அடுப்பைக் கழற்றிப் பரண்மேல் போட்டுவிட்டேன். எத்தனை அடுப்பு என்றுதான் அவன் எண்ணுவான், யார் அடுப்பு என்று எழுத அவன் நோட்டில் இடம் கிடையாது. ஊரில் யாராவது தோத்தது யார் என்று கேட்டால் கலைவேந்தன் என்று சொல். நான் தட்டை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போகிறேன்.