கேட்டைத் தாண்டாத கார்

ஒரு விடுகதை. கடைக்குள் நிற்கும்போது அது புதுசு. வாசலைத் தாண்டி ஓரடி வெளியே வந்துவிட்டால் பழசு. இடையில் அதற்கு ஒன்றுமே ஆகவில்லை. ஒரு கீறல்கூட விழவில்லை. அது என்ன?

செருப்பு என்று சிலர் சொல்வீர்கள். இல்லை. செருப்பு பழசாவதற்கு ஒரு தெருவாவது நடக்க வேண்டும். புத்தகமும் இல்லை. அதைப் பிரிக்கவாவது வேண்டும். சில வீடுகளில் முப்பது வருடம் ஆனாலும் அது புதுசாகவே இருக்கும். விடை, கார். இது நானாகச் சொல்வதல்ல, கார் விற்கிறவர்களே சொல்வது. அதை நம்பி ஒரு குடும்பம் பட்ட பாடுதான் இந்தக் கதை.

அந்தக் குடும்பத்தில் மூன்று பேர்: அப்பா, அம்மா, ஒன்பது வயது மகள். சொந்த நாட்டை விட்டு வேறு நாட்டுக்குக் குடிவந்து அவர்களுக்குப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. அம்மா பொய்ப்பல் செய்வதில் கைதேர்ந்தவள். நகரத்தின் மறுகோடியில் ஒரு பல் ஆய்வகத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. வேலை உத்தரவில் இரண்டே நிபந்தனைகள். வரும் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வந்து சேர வேண்டும். சொந்த வண்டியில் வர வேண்டும், ஏனென்றால் அந்தப் பக்கம் பஸ் போகாது. வரத் தவறினால் அந்த வேலை பட்டியலில் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும்.

ஓட்டுநர் உரிமம் அம்மாவிடம் இருந்தது. முதல் தடவையிலேயே தேறியிருந்தாள். அப்பா இன்னும் தேர்வுக்குப் போகவில்லை. தேர்வுக்கான கையேட்டில் இருந்த பிழைகளைத் திருத்தி உரிய அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு, பதிலுக்காகக் காத்திருந்தார்.

ஆக, இல்லாதது கார் ஒன்றுதான்.

அப்பா முன்பு இருபத்திரண்டு வருடம் ஓர் அலுவலகத்தில் கோப்பு பார்த்தவர். இங்கே ஒரு கிடங்கில் அட்டைப்பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஆனால் கை பழக்கத்தை விடவில்லை. வந்து இறங்கிய இரண்டாம் மாதமே, 'பொருள்: குடும்ப உபயோகத்துக்கு வாகனம் வாங்குதல், புதியதா பழையதா என முடிவெடுத்தல் தொடர்பாக' என்று ஒரு கோப்பைத் திறந்தார். இப்போது அது மூன்று பாகமாக வளர்ந்திருந்தது. மூன்றாம் பாகத்துக்கு இடம் வேண்டுமென்று மகளின் பள்ளிப்பையை நாற்காலியிலிருந்து தரைக்கு இறக்கியிருந்தார்கள்.

வியாழக்கிழமை காலை அம்மா கேட்டாள்: "இன்னும் நாலு நாள்தான் இருக்கு. திங்கட்கிழமை நான் என்ன பறந்தா போறது?"

"பதறாதே. எல்லார்கிட்டயும் கருத்துக் கேட்டாச்சு. எல்லாம் பதிவாயிருக்கு."

"சரி, முடிவு?"

"முடிவை எந்த முறையில எடுக்கறதுன்னு ஒரு சின்ன முடிவு பாக்கி. அவ்வளவுதான்."

கருத்துச் சொன்னவர்கள் இரண்டு பேர். இருவரும் பல வருடங்களுக்கு முன்பே அங்கே குடிவந்து, பிறகு வருகிறவர்களுக்கெல்லாம் ஆலோசனை வழங்கி வருபவர்கள். ஒருவர் வாரண்டி மாமா. புது வண்டியைத் தவிர வேறெதையும் அவர் வண்டி என்று ஒப்புக்கொள்ள மாட்டார். நாலு வருடத்துக்கு முன்பு அவரும் ஒரு புது கார் வாங்கினார். சீட்டின் பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்கவில்லை. ஓட்டினால் பழசாகிவிடும் என்பதால் அது ஷெட்டிலேயே இருந்தது. எனவே அவர் பஸ்ஸில் வருவார்.

மற்றவர் கிலோமீட்டர் அண்ணன். பழைய வண்டி வாங்குகிறவன்தான் புத்திசாலி என்பது அவர் கட்சி. அவரிடமும் ஒரு பழைய கார் உண்டு. அது மெக்கானிக்கிடம் இருந்தது. பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். எனவே அவரும் பஸ்ஸில் வருவார். கார் விஷயமாகப் பேச இருவரும் ஒரே பஸ்ஸில் ஏறி, பேசாமல் வந்து இறங்குவார்கள்.

"புது வண்டின்னா பக்கத்துல நின்னு போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பலாம்," என்பார் மாமா. "பழைய வண்டி பக்கத்துல நின்னா, வண்டிக்காரர் எப்ப வருவார்னு கேப்பாங்க."

"மாமா, நான் டயரை ஒரு தட்டுத் தட்டினா போதும். முன்னாடி வச்சிருந்தவர் வீட்டுல சண்டை இருந்துச்சா இல்லையான்னே சொல்லிடுவேன்," என்பார் அண்ணன்.

"உன் வண்டியை வாங்கறப்போ தட்டலையா?"

"தட்டினேன். சண்டை இல்லைன்னு தெரிஞ்சுது. எஞ்சினும் இல்லைன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது."

அந்த வியாழக்கிழமை அம்மா கோப்பைப் பார்க்கவில்லை. கைப்பையை எடுத்தாள். "எது சட்டப்படி முடியுமோ அதை வாங்கலாம். கிளம்புங்க," என்றாள். அப்பா மூன்று பாகங்களையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

வாகனப் பதிவு அலுவலகத்தில் நாற்காலிகள் தரையோடு திருகப்பட்டிருந்தன. காத்திருப்பவர்கள் முன்னேறிவிடக் கூடாது என்ற நல்லெண்ணம் அதில் தெரிந்தது. புதிய வண்டிக்கு நான்காம் கவுண்டர். பழைய வண்டிக்கு ஏழாம் கவுண்டர். இரண்டு மணி நேரத்தில் நான்காம் கவுண்டருக்கு அவர்கள் எண் வந்தது.

"இங்க வந்து எவ்வளவு நாளாச்சு?" என்று கேட்டார் உள்ளே இருந்த பெண்மணி.

"பதினோரு மாசம்," என்றாள் அம்மா.

"அப்ப நீங்க புதியவர். ஒரு வருஷம் முடியாதவங்க பேர்ல புது வண்டி பதிய முடியாது."

"ஏன்?"

"வண்டியும் புதுசு, ஆளும் புதுசுன்னா, ஏதாவது ஆச்சுன்னா யாரைச் சந்தேகப்படறது?"

"நியாயமான விதி," என்று அப்பா குறித்துக்கொண்டார்.

ஏழாம் கவுண்டருக்கு மேலும் ஒன்றரை மணி நேரம். அங்கே இருந்தவர் மிகுந்த மரியாதையோடு பேசினார்.

"தாராளமா பழைய வண்டி வாங்குங்க. வண்டியைப் பரிசோதனைக்கு இங்க கொண்டு வந்துடுங்க."

"ஓட்டிட்டு வரலாமா?"

"பரிசோதனை ஆகாத வண்டி ரோட்டுல ஓடக் கூடாதும்மா."

"பின்ன எப்படிக் கொண்டு வர்றது?"

"உங்க பேர்ல பதிவான இன்னொரு வண்டியில கட்டி இழுத்துட்டு வரலாம்."

"இன்னொரு வண்டி இருந்தா நான் எதுக்கு இங்க வந்து நிக்கறேன்?"

"இல்லைன்னா ஒரு புது வண்டி வாங்கிக்கோங்க. அதுக்கு நாலாம் கவுண்டர்."

வெளியே வந்ததும் அம்மா பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். அப்பாதான் நெகிழ்ந்து போயிருந்தார். "பார்த்தியா ஒழுங்கை? எங்க போய்க் கேட்டாலும், அடுத்து எந்தக் கவுண்டருக்குப் போகணும்னு தெளிவா சொல்றாங்க."

வெள்ளிக்கிழமை மதியம் குடும்பமும் ஆலோசகர்களும் ஒரு கார் கடையில் கூடினார்கள். முன்புறம் ஏழு புது வண்டிகள் பளபளவென்று வரிசையாக நின்றன. பின்சுவர் ஓரமாக, புது வண்டி வாங்கியவர்கள் மாற்றுக்குக் கொடுத்துவிட்டுப் போன மூன்று பழைய வண்டிகள். வாசலில், எந்தப் பக்கம் வேண்டுமானாலும் தள்ளி நிறுத்தக்கூடிய, சக்கரம் வைத்த கேட். மகள் பின்பக்கம் போய்விட்டாள். விற்பனையாளர் வாசலுக்குப் பக்கத்திலிருந்த வெள்ளை வண்டியைக் காட்டினார்.

"இங்க நிக்கிற வரைக்கும் இது புது வண்டி சார். கேட்டைத் தாண்டிட்டா பழசு. விலையும் அந்த நிமிஷமே இறங்கிடும்."

"அப்ப புது காரை இதுவரைக்கும் யாருமே ரோட்டுல ஓட்டினது கிடையாதா?" என்று கேட்டார் அப்பா.

விற்பனையாளர் கொஞ்சம் யோசித்தார். "கிடையாது சார். வாங்க மட்டும்தான் முடியும்."

வாரண்டி மாமா பக்கத்திலிருந்த நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

கிலோமீட்டர் அண்ணனுக்கு முகம் மலர்ந்தது. "அப்ப இதை வெளியே கொண்டு போயிட்டா பழைய வண்டிதானே? பழைய வண்டியைப் புதியவர் பேர்ல பதியலாம். முடிஞ்சுது கதை."

"நம்பர் பிளேட் இல்லாம கேட்டைத் தாண்ட முடியாது," என்றார் விற்பனையாளர். "புது வண்டிக்கு நம்பர் பிளேட் நாலாம் கவுண்டர்ல வாங்கணும்."

அப்பா கோப்பின் இரண்டாம் பாகத்தைப் புரட்டினார். உதடுகள் அசைந்தன. இருபத்திரண்டு வருட அனுபவம் அவருக்குள் வேலை செய்துகொண்டிருந்தது.

"வண்டி கேட்டைத் தாண்டக் கூடாது. சரி," என்றார். "கேட் வண்டியைத் தாண்டக் கூடாதுன்னு எங்கயாவது எழுதியிருக்கா?"

எங்கேயும் எழுதியிருக்கவில்லை. மாமா ஒரு பக்கம், அண்ணன் ஒரு பக்கம் பிடிக்க, அப்பா நடுவில் நின்று 'மெதுவா, மெதுவா' என்று சொல்ல, கேட் வெள்ளை வண்டியைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்து நின்றது. இப்போது ஆறு வண்டிகள் கேட்டுக்கு உள்ளே, ஒன்று வெளியே. வெள்ளை வண்டி ஓர் அங்குலம்கூட நகரவில்லை. தனக்கு வயதாகிவிட்டது என்பதும் அதற்குத் தெரியாது.

இப்படி ஒரு விற்பனை இதற்கு முன் நடந்ததில்லை என்பதால் விற்பனையாளர் பதிவு அலுவலகத்துக்கு போன் செய்தார். ஆய்வாளர் ஒருவர் வந்து சேர்ந்தார். அலுவலக வண்டிகள் பதிவுக்காகக் காத்திருந்ததால் அவரும் பஸ்ஸில்தான் வந்தார். டேப் வைத்து மூன்று முறை அளந்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"வண்டி நகரவில்லை. எனவே இது புதியது. வண்டி கேட்டுக்கு வெளியே நிற்கிறது. எனவே இது பழையது. இரண்டும் உண்மையாக இருப்பதால் அலுவலகம் இதில் தலையிட விரும்பவில்லை. இத்தகைய நேர்வுகளில் படிவம் இருபத்தொன்பதின்படி குடும்பத்தின் விருப்பமே இறுதியானது."

"கொடுங்க, நான் எழுதறேன்," என்று அம்மா கையை நீட்டினாள்.

"நீங்க எழுத முடியாதும்மா. நீங்க புதியவர்."

"சரி, அவர்?"

"அவரும் புதியவர்தான்." ஆய்வாளர் அவர்கள் கொடுத்த காகிதங்களைப் புரட்டினார். ஒரு காகிதத்தில் விரல் நின்றது. "பாப்பாவை எப்ப பள்ளிக்கூடத்துல சேர்த்தீங்க?"

"இங்க வர்றதுக்கு முன்னாடியே தபால்ல சேர்த்துட்டோம். இடம் கிடைக்காதுன்னு சொன்னாங்க."

ஆய்வாளர் விரல்விட்டு எண்ணினார். "பன்னிரண்டு மாசம் ஒன்பது நாள். கூடவே நூலக அட்டை. ஒரு புத்தகம்கூட தாமதமாகத் திருப்பியதில்லை." அவர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "இந்தக் குடும்பத்துல பழையவர் இவங்க ஒருத்தர்தான். அவங்களைக் கொஞ்சம் வரச் சொல்றீங்களா?"

பின்சுவர் ஓரத்துச் சாம்பல் நிற வண்டிக்குள்ளிருந்து மகள் எழுந்து வந்தாள். அது ஒரு கால்நடை மருத்துவர் எட்டு வருடம் ஓட்டிவிட்டுக் கொடுத்த வண்டி. ஆய்வாளர் அவளிடம் படிவத்தைக் கொடுத்து விளக்கினார்.

"நீங்க பழையவர்ங்கறதால எந்தப் புது வண்டியையும் உங்க பேர்ல பதியலாம். பழைய வண்டி வேணும்னா நானே இங்க இருக்கேன், இப்பவே பரிசோதிச்சுடறேன். அஞ்சு மணிக்கு மேல முத்திரை குத்த முடியாது. இப்ப நாலு நாற்பது. அடித்தல், திருத்தல் கூடாதுங்க."

வாரண்டி மாமா குனிந்து அவள் காதருகே வந்தார். "கண்ணு, வெள்ளை வண்டியைச் சொல்லு. செவ்வாய்க்கிழமை மாமாவை அதுலதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். உறையைப் பிரிக்காம பின்னாடி உக்காந்துக்கறேன்."

"பாப்பா, பழசைச் சொல்லு," என்றார் கிலோமீட்டர் அண்ணன். "என் வண்டியைப் பார்க்க மெக்கானிக்கிட்ட வாரம் மூணு தடவை போக வேண்டியிருக்கு. பழைய வண்டிக்குத்தான் அந்த வழி தெரியும்."

"எதுவா இருந்தாலும் போற வழியில என்னை அலுவலகத்துல இறக்கி விட்டுடலாம்," என்றார் ஆய்வாளர்.

"முன் சீட்டு எனக்கு. வழி சொல்ல ஒரு ஆள் வேணும்ல," என்றார் அப்பா. பிறகு துணிப்பையைத் திறந்தார். "அவசரப்படாதேம்மா. முதல் பாகத்தை மட்டுமாவது ஒரு தடவை படிச்சுட்டு எழுது."

அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். "திங்கட்கிழமை ஓடணும். வேற ஒண்ணும் வேணாம்," என்றாள்.

மகள் விற்பனையாளரின் பேனாவை வாங்கிக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். ஒரு கட்டத்தையும் விடாமல் நிரப்பினாள். நாலு ஐம்பத்திரண்டுக்கு ஆய்வாளர் அதை வாங்கிச் சரிபார்த்தார். அடித்தல், திருத்தல் இல்லை. முத்திரை குத்தி, விதிப்படி எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்.

"வண்டி: சாம்பல் நிறம், பழையது. காரணம்: பின் சீட்டில் நாய் முடி இருக்கிறது. ஓட்டுபவர்: அம்மா. உடன் வருபவர்: நான். மற்றவர்கள்: பஸ்."