தொட்டித் தண்ணீர் ஒரு டம்ளர்

பயந்தாங்கொள்ளியை நம்பித் தீப்பெட்டியைக்கூடக் கொடுக்கக் கூடாது. தீப்பிடித்துவிடுமோ என்று தண்ணீரில் நனைத்து வைத்திருப்பான். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய என்னை நம்பி எங்கள் முதலாளி பட்டறைக் கழிவுநீரையே ஒப்படைத்தார்.

அம்பத்தூரில் குரோம் முலாம் பூசும் சின்னப் பட்டறை. அலசிய தண்ணீர் மஞ்சளாகக் கால்வாயில் ஓடும். சுத்தம் செய்து விடாவிட்டால் சீல் வைப்பதாக மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி எச்சரித்திருந்தார். முதலாளியின் அக்கா மகன், கல்லூரியில் படித்தவர், வழி சொன்னார். டீக்கடையில் வீசுகிற டீத்தூள் சக்கை குரோமைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். சாயம் போகும்வரை கழுவி, காயவைத்துக் கழிவுநீர்த் தொட்டியில் போட வேண்டும், அவ்வளவுதான்.

கழுவினால் அதன் சக்தியும் போய்விடுமோ என்று எனக்குக் கவலை. கழுவாமலே போட்டேன். ஒரு மூட்டை போதுமா என்று இன்னொரு கவலை. மூன்றைக் கொட்டினேன். மஞ்சள் மறைந்தது உண்மை. (தொட்டி முழுக்க டீ நிறமானால் மறையாமல் என்ன செய்யும்?)

அதிகாரி வந்து முகம் சுளித்ததும் முதலாளிக்கு ரோஷம் வந்துவிட்டது.

"இன்னா சார், நம்பிக்கை இல்லியா? நம்ம ஆளு உங்க எதிர்லயே குடிச்சுக் காட்டுவான். டேய், தொட்டித் தண்ணி ஒரு டம்ளர் மொண்டுகினு வாடா!"

(முதலாளியே குடிக்கலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை.)

குடித்தால் உயிர் போகும். குடிக்காவிட்டால் வேலை போகும். வீட்டில் என் ஒருவன் சம்பளம்தான். பின்கட்டிலிருந்த தொட்டியைத் தாண்டி டீக்கடைக்கு ஓடினேன்.

"அண்ணாத்தே, பால் இல்லாம ஒரு டீ. பச்சத்தண்ணி ஊத்தி ஆத்திக் குடு."

"இன்னாடா, வவுறு சரியில்லியா?"

"குடுண்ணே, உசுரு போற விசயம்!"

திரும்பி வந்து, அதிகாரி முன்னால் பாதியைக் குடித்தேன். மீதியை அவர் தன் பாட்டிலில் ஊற்றிக்கொள்வார் என்று கனவா கண்டேன்? "இதையே டெஸ்டுக்கு அனுப்பிடறேன்" என்று மேஜையில் வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தார். எழுதி முடிப்பதற்குள் பாட்டிலைச் சுற்றி எறும்பு. பால் வேண்டாம் என்ற நான் சர்க்கரை வேண்டாம் என்று சொல்ல மறந்திருந்தேன்.

அதிகாரி மூடியை முகர்ந்து பார்த்தார்.

"ஏம்பா, தொட்டிக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை போட்டீங்க?"

பட்டறைக்குச் சீல். பிறகு உண்மையான தொட்டித் தண்ணீரைச் சோதித்தபோது குரோம் நன்றாகவே குறைந்திருந்ததாம். அதைக் கேட்ட முதலாளி என்னை வேலையை விட்டு நீக்கவில்லை. பட்டறை திறந்ததும் சக்கை கழுவும் வேலையை எனக்கே நிரந்தரமாக்கினார்.

இன்றும் முகப்பேரில் மகள் வீட்டுக்குப் போனால், மருமகன் டீயை மேஜையில் வைத்துவிட்டு என் கையைத் தடுப்பார்.

"இருங்க மாமா. எறும்பு இன்னும் பாஸ் பண்ணல."